ஏழு மணித் தண்ணீர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு போராட்டத்துக்குத்தான் போயிருக்கிறேன். அதற்கும் முழுதாகப் போகவில்லை, பாதி வழியில் போய்ச் சேர்ந்துகொண்டவள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. முழு வழியும் நடந்தவர்கள் எதற்காக நடந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரு முனை வீட்டுக்காரி, பெட்டியிலேயே கிடந்த புதுச் சேலையைக் கட்ட ஒரு சாக்குக் கிடைத்தது என்று வந்தாள். இன்னொருத்தி, புருஷன் போகக்கூடாது என்று சொன்னதற்காகவே வந்தாள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒருத்தர், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வந்தார். அநீதியைக் கண்டு மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். பொங்கத்தான் செய்தோம். ஆனால் அடுப்பில் எதை வைத்து எரித்தோம் என்பது வீட்டுக்கு வீடு வேறு.

நாட்டில் அவசர நிலை வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தோம். தெரு முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஆண்களில் பாதிப் பேர் மீன்பிடிக்கப் போவார்கள், மீதிப் பேருக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் வேலை. என் வீட்டுக்காரரும் தோணிக்காரர்தான். போனால் காற்றைப் பொறுத்து, சரக்கு இறங்குவதைப் பொறுத்துத் திரும்புவார். இந்தத் தேதிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அவருக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை. மூன்று வயது மகளோடு நான் இருந்தேன். அடுத்த வீட்டில் என் அண்ணனும் மைனியும். அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் மைனி என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது இறால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியிருந்த காலம். ஊருக்கு வெளியே இறால் கம்பெனிகள் வந்தன, கூடவே ஐஸ் கம்பெனிகளும் வந்தன. பதினோராம் வகுப்பு வரை படித்தவள் என்ற பெருமையோடு நான் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கப் போனேன். இறாலுக்கு நம் படிப்பு தெரியாது. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவி எடுப்பதற்கு நகம் இருந்தால் போதும். ஆனால் அந்தச் சம்பளம் என் கைக்கு வந்தது, வீட்டுக்காரரின் தோணி எங்கே நிற்கிறது என்று கேட்காமல் அரிசி வாங்க முடிந்தது. அந்த வேலையை நான் பொக்கிஷமாக வைத்திருந்தேன்.

சிக்கல் தண்ணீரில் இருந்தது. எங்கள் தெருவில் கிணறு தோண்டினால் உப்பு. தெரு முழுமைக்கும் ஒரே ஒரு குழாய். அதில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டு எட்டு மணிக்கு நிறுத்துவார்கள். கம்பெனியில் ஏழரைக்கு மணி அடிக்கும், அடித்ததும் கேட்டைச் சாத்துவார்கள். ஏழு மணிக்கு வரிசையில் நின்று, இரண்டு குடம் பிடித்து, வீட்டில் வைத்து, மகளை மைனி வீட்டில் விட்டுவிட்டு ஏழரைக்குக் கம்பெனியில் இருப்பது எப்படி என்று யாராவது கண்டுபிடித்திருந்தால் எனக்கும் சொல்லட்டும். ஆண்பிள்ளைகள் பிடித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் குடத்தைத் தொட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்ற பயம் ஆண்களுக்கு உண்டு. புயலில் பாய்மரத்தில் ஏறுகிறவர்கள் ஒரு பித்தளைக் குடத்தைக் கண்டு ஒதுங்கிப்போவார்கள்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. ஐஸ் கம்பெனிக்குப் போகிற பெரிய குழாய் எங்கள் தெருவுக்கு அடியில்தான் போயிற்று. அதில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும். எங்கள் வாசலைத் தாண்டிப் போன தண்ணீரைத்தான் நான் கம்பெனியில் ஐஸ் கட்டியாகக் கையில் பிடித்து இறால் மேல் கொட்டினேன். விரல் மரத்துப்போகிற அந்த நேரத்தில் தாகமும் எடுக்கும்.

நான் ஏற்கெனவே இரண்டு தடவை பிந்திப் போயிருந்தேன். சூப்பர்வைசர் உடன்குடிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஊருக்குப் போய் வந்தால் உரிக்கிற பெண்களுக்கெல்லாம் கருப்பட்டி கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் கையாலேயே பிந்தி வந்தவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு போடுவார். மூன்றாவது கோடு விழுந்தால் வேலை இல்லை.

எங்கள் தெருவில் எழுத்து வேலை என்றால் உபதேசியார்தான். கோயிலில் சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்லுகிறவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். தண்ணீர் நேரத்தை மாற்ற வேண்டும், இன்னொரு குழாய் போட வேண்டும் என்று அவர்தான் குழாய் ஆபீசுக்கு மனு எழுதினார். அவருக்குத் தெரிந்த நடை ஒன்றுதான். 'மகா மாட்சிமை பொருந்திய ஐயா, பாவிகளாகிய நாங்கள் உமது திருமுன் தாழப் பணிந்து' என்று தொடங்கி, கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஆமென் என்று முடித்திருந்தார். நான்தான் படித்துப் பார்த்தேன். ஆமெனை எடுத்துவிடலாமே என்றேன். "இருந்துட்டுப் போட்டுமேளா, நல்ல வார்த்தைதான" என்றார். மூன்று மனு போயிற்று. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வெளியில் கூடிப் பேசி, ஊர்வலமாகப் போவது என்று முடிவு செய்தார்கள். நாள் செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் திறக்கிற நேரம். வேம்பார்ப் பக்கத்து உப்பளத்தில் சங்கம் நடத்துகிற ஒரு தோழர் கோஷம் சொல்லித்தர வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு மத்தியானமே மைனி என் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்னளா, செவ்வாக்கெழம வாரியா இல்லியா?"

"கம்பெனி இருக்குல்லா மைனி. மூணாவது கோடு விழுந்தா அண்ணாச்சி என்னய வெளிய தள்ளிருவாரு."

"எல்லாருக்குந்தான் சோலி கெடக்கு."

"நான் ஒருத்தி வரலன்னா கூட்டம் கொறஞ்சா போயிரும்? தண்ணி விட்டா எல்லாருக்கும் சேத்துத்தான விடுவான்? என் கொடத்தப் பாத்ததும் குழாய் வாய மூடிக்கிடுமா?"

மைனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூடாதுளா. நல்லா ஊத்தும். நீயும் பிடி, வயிறு நெறயக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் நான் சொன்னதில் தப்பு என்ன என்றுதான் அன்று முழுக்க யோசித்தேன். போராடி வாங்குகிற தண்ணீர், போனவளுக்கும் போகாதவளுக்கும் ஒரே மாதிரிதான் வரும். போகிறவளுக்கு வேலை போகும், போகாதவளுக்கு ஒன்றும் போகாது. எந்த வேலைக்கு நேரத்தில் போக வேண்டும் என்று நேரத்தை மாற்றச் சொல்லுகிறோமோ, அந்த வேலையையே விட்டுவிட்டுப் போய்க் கேட்பது என்ன புத்தி? எல்லாரும் இப்படியே நினைத்தால் யார் போவது என்றும் கேட்டுக்கொண்டேன். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. மற்றவள் போவாள். இப்போது நினைத்தாலும் அந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. அது சரியான கணக்குதான்.

மாலையில் செபம் முடிந்து கோஷப் பயிற்சி நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனேன். தோழர் சிவப்புத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். சின்ன ஆள், குரல் மட்டும் பெரியது. "அதிகாரியே, அதிகாரியே!" என்று நான் சொல்லுவேன், நீங்கள் "கொடு கொடு, தண்ணீர் கொடு!" என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். தோழர் கையை உயர்த்தி, "அதிகாரியே!" என்று முழங்கி ஒரு மூச்சு விட்டார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கூட்டம்.

தோழர் திகைத்துப்போனார். எங்களுக்குத் திகைப்பு ஒன்றும் இல்லை. ஒருத்தர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினால் அடுத்து வருகிற வார்த்தை எங்களுக்கு அது ஒன்றுதான். கோயில் பிரார்த்தனையில் மாதாவையும் புனிதர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம், ஒவ்வொருவருக்கும் அதையேதான் சொல்லுவோம். பேச்சு வருகிற வயதிலேயே நாக்கில் ஏறிய வார்த்தை.

"அம்மா, அவரு என்ன புனிதரா?" என்று கேட்டார் தோழர். "அவருகிட்ட நீங்க கேக்கணும். அவர வேண்டச் சொல்லப்படாது."

"கேக்கத்தான செய்யுதோம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நாலு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை பாதிப் பேர் "கொடு கொடு" என்றும் பாதிப் பேர் "வேண்டிக்கொள்ளும்" என்றும் சொன்னதில் கோயில் புறாக்கள்தான் பயந்து பறந்தன. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் உபதேசியார் எழுந்து வந்தார். "விடுங்க தோழரே. இந்த ஊரு நானூறு வருசமா அந்த வார்த்தையச் சொல்லிட்டிருக்கு. ஒரு சாயங்காலத்துல மாத்த முடியாது" என்றார். தோழர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதுகள் போய் என்னத்தைக் கேட்டு வாங்கப் போகிறதுகள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். போகாமல் இருப்பதற்கு எனக்கு இன்னும் ஒரு காரணம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை ஒரே குடத்தோடு நிறுத்திக்கொண்டு, மகளை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓடி, மணி அடிப்பதற்குள் கம்பெனிக்குள் நுழைந்துவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் அங்கே வேலை பார்த்தோம். ஐந்து பேரும் வந்திருந்தோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. ஈரத் தரையில் பலகை போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அலுமினியச் சட்டியில் இறாலைப் போட்டு உரிப்போம். எனக்கு நேர் எதிரே உட்காருகிறவளும் எங்கள் தெருக்காரிதான். அவள் புருஷன் தோணியில் சரக்கு மூட்டை சரிந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தான். மூன்று பிள்ளைகள். அவளை ஊர்வலத்துக்கு வா என்று யாரும் கூப்பிடக்கூட இல்லை.

குழாய் ஆபீசுக்குப் போகிற பாதை எங்கள் கம்பெனி மதிலை ஒட்டித்தான் போகும். ஒன்பதரை இருக்கும், சத்தம் கேட்டது. முதலில் தோழரின் பெரிய குரல், பிறகு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைக் குனிந்து வேகமாக உரித்தேன். எங்கள் தெருப் பெண்கள் வைது நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏழு தலைமுறையையும் வரிசை பிசகாமல் கூப்பிடுவார்கள். வாசலுக்கு நேரே வந்ததும் மைனி என் பெயரைச் சொல்லித் தொடங்குவாள், கம்பெனி முழுக்கக் கேட்கும், சாயங்காலம் வரை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், பதிலுக்கு என்ன சொல்லுவது என்றும் தயாராகத்தான் இருந்தேன்.

சத்தம் வாசலுக்கு நேரே வந்தது, நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திருவிழாவில் எங்கள் சப்பரம் தெருத்தெருவாகப் போகும்போது, கடல் தெரிகிற ஒரு திருப்பத்தில் அதைக் கடலைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார்கள். வெடி, மேளம், பாட்டு எல்லாம் நின்றுவிடும். அந்த நேரத்தில் கடலில் இருக்கிறவர்களுக்காக உபதேசியார் செபம் சொல்லுவார். திருவிழாவுக்கு அவர்கள் வரவில்லை என்று யாரும் சொல்லுவதில்லை. எங்கள் தெருவில் அது கெட்ட வார்த்தை. கடலுக்குப் போனவனைப் பற்றி வரவில்லை என்று சொன்னால் அவன் இனிமேல் வரவே மாட்டான் என்று அர்த்தம். கடலில் இருக்கிறான் என்றுதான் சொல்லுவோம். என் வீட்டுக்காரருக்காக அந்தத் திருப்பத்தில் எத்தனையோ தடவை முழங்கால் போட்டிருக்கிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் உபதேசியாரின் குரல் கேட்டது. கோஷம் போடுகிற குரல் இல்லை, கோயிலில் கேட்கிற அதே இழுவைக் குரல்.

"கடல் மேல் இருக்கிற எங்கள் ஆட்களுக்காக, தாயே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"காற்றுக்குக் காத்துக் கிடக்கிற தோணிகளுக்காக, தாயே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"இந்தக் கம்பெனிக்குள்ளே இருக்கிற எங்கள் பெண்பிள்ளைகளுக்காக, தாயே!"

என் கை நின்றுவிட்டது. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நான் என்ன சாகக் கிடக்கிறேனா, எனக்கு எதற்குச் செபம் என்று நினைத்தேன். அதற்குள் கூட்டம் பதில் சொல்லிவிட்டது. ஆணும் பெண்ணுமாக அத்தனை குரலும் சேர்ந்து, எங்களுக்காக என்று. அவர்களுக்காக என்று இல்லை. அந்த 'எங்களு'க்குள் நானும் இருந்தேன். நான் வராமல் இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் என்னைக் கடலில் இருக்கிறவளாக வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அழுதேன். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கை முழுக்க இறால்.

ஏன் எழுந்தேன் என்று பிற்பாடு பல பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயம் அநியாயம் என்று அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர்கூட ஞாபகத்தில் இல்லை. என்னை வைதிருந்தால் நான் உட்கார்ந்தேதான் இருந்திருப்பேன். என்னையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறவர்களை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். இரண்டு நாளாக நான் போட்டு வைத்திருந்த கணக்கில் இது எங்கேயும் இல்லை.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். "எங்க போற? இப்ப எந்திரிச்சுப் போனா நாளைக்கு இந்தப் பக்கம் வரப்படாது, சொல்லிட்டேன்" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி எழுந்தாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். எதிரே இருந்தவள் மட்டும் நிமிரவில்லை. "என்னால முடியாதுளா" என்று சட்டியைப் பார்த்தே சொன்னாள். பிறகு கையை நீட்டி, பாதி உரித்துக் கிடந்த என் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இத நான் முடிச்சிருதேன். நீ போ."

வெளியே வந்தபோது ஊர்வலம் நகரத் தொடங்கியிருந்தது. ஊர்வலமா அது? திருவிழாப் பவனி. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், இரண்டு இரண்டு வரிசையாக, எல்லாப் பெண்களும் சேலையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு நடந்தார்கள். தோழர் நடுவில் தனியாகக் கையை உயர்த்தி உயர்த்திப் போனார். மைனி என்னைப் பார்த்தாள், அவள் முகம் மாறவே இல்லை. நகர்ந்து இடம் விட்டாள். "முக்காடு போடுளா" என்றாள். போட்டேன்.

குழாய் ஆபீஸ் வாசலில் ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் அடியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். கத்தவும் இல்லை, கல் எறியவும் இல்லை. உபதேசியார் பிரார்த்தனையை முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினார். உள்ளே இருந்த அதிகாரிக்கு ஜன்னல் வழியாக அது அரைமணி நேரம் கேட்டிருக்கும். தோழர் இடையிடையே "அதிகாரியே!" என்று சேர்த்துக்கொண்டார். நாங்களும் குறை வைக்காமல் அதே பதிலைச் சொன்னோம். கடைசியில் அந்த மனுஷர் எழுந்து வெளியே வந்தார். அவரை யாரும் அதுவரை அப்படி மன்றாடிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார், மிரண்டுபோயிருந்தார்.

"யாரு தலைவரு?" என்று கேட்டார். தலைவர் வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உபதேசியார் மனுவின் நகலைக் கொடுத்தார். அதிகாரி அதைப் படித்து முடித்து, ஆமென் வரை படித்து முடித்து, நிமிர்ந்தார்.

"உங்க தெருவுக்குத் தண்ணி வருதே. காலையில ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் விடுறோம். நல்ல நேரம்தானே அது? யாரும் வந்து வேண்டாம்னு சொன்னதில்லையே" என்றார். ஏளனம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ஏழரைக்குக் கம்பெனி மணி அடிச்சிருதே சார், எப்படிப் பிடிக்க?" என்றேன். நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை.

"எந்தக் கம்பெனி? காலையில ஏழரைக்குப் பொம்பளைங்களுக்கு என்னம்மா வேலை?"

எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. எழுந்து அவர் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். "மூக்கு இருக்குல்லா சார், மோந்து பாருங்க. என்ன வேலன்னு தெரியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி ஓர் அடி பின்னால் போனார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். அந்தத் தெருவில் எத்தனை பெண்கள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறார்கள் என்று அப்போதுதான் கேட்டார். ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். இறாலுக்கு, உப்பளத்துக்கு, மீன் விற்க, வலைக் கம்பெனிக்கு. ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார், எழுத எழுத அவர் முகம் மாறியது. மூன்று மனுவிலும் பாவிகள் என்று எழுதினோமே தவிர, வேலைக்குப் போகிறவர்கள் என்று எழுதவில்லை. நேரத்தை மாற்றத் தன்னால் முடியும், இரண்டாவது குழாய்க்கு மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்றார். தோழர் அதை எழுதி வாங்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த ஒன்றுக்காக அவரை எங்கள் தெரு பிறகு எத்தனையோ வருஷம் கும்பிட்டது.

திரும்பி வருகிற வழியில், கம்பெனி வாசலில் நிற்கலாம் என்று உபதேசியாருக்கு எப்படித் தோன்றியது என்று அவரிடமே கேட்டேன். "எனக்கு எங்க தோணுச்சு? ஒன் மைனிதான் வந்து நிறுத்தச் சொன்னா" என்றார்.

மைனியிடம் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "வையணும்னுதாம்ளா நிறுத்தச் சொன்னேன். கேட்டுக் கம்பி வழியா எட்டிப் பாத்தேன். கடலுக்குப் போனவங்க கரையில கழத்திப் போட்டுட்டுப் போன மாதிரி, ஒங்க அஞ்சு பேரு செருப்பும் வெளியில வரிசையாக் கெடந்துச்சு. அதப் பாத்ததும் வைய வாய் வரல. செபத்தச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் நாங்கள் நாலு பேரும் கம்பெனி வாசலில் நின்றோம். தப்பு செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே வரலாம் என்றார் சூப்பர்வைசர். மூன்று பேர் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள், அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தண்ணி கேட்டதுல என்ன தப்பு அண்ணாச்சி?" என்றேன். கேட் சாத்தப்பட்டது. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, இறால் நாற்றத்தோடு சேர்த்துத்தான். ஆறேழு மாதம் கழித்து வேறு கம்பெனியில் சேர்ந்தேன். அதுவரை மைனி வீட்டு அடுப்பில் என் வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தாள். என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்து கதையைக் கேட்டு, "கடல்ல கெடந்தது நானா நீயா?" என்று சிரித்தார். இரண்டாவது குழாய் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஆனால் வந்தது.

தண்ணீர் நேரம் பத்து நாளிலேயே மாறிவிட்டது. முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு, நீளமான சாவியோடு ஓர் ஆள் சைக்கிளில் வந்து தெரு முனையில் திறந்துவிட்டான். தெரு முழுக்க அங்கேதான் நின்றது. எனக்குப் போவதற்கு வேலை இல்லை, ஆனாலும் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். தூக்கம் வராமல் வீட்டில் கிடந்து என்ன செய்ய?

எதிர்ப் பலகையில் உட்காருகிறவள் அப்புறம்தான் வந்தாள். ஒரு குடத்தை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு, வரிசைக்குள் வராமல் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றாள். நான் வா என்று கையைக் காட்டினேன்.

"நீங்கள்லாம் பிடிங்க. மிச்சம் இருந்தா நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் போய் அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, என் குடத்தைத் தள்ளிவிட்டுக் குழாய்க்கு நேரே வைத்தேன். "எனக்கு எங்கயும் போவ வேண்டாம். ஒனக்குத்தாம்ளா ஏழரைக்குப் போணும். யாருக்குக் கேட்டோம்னு நெனச்ச? மொதல்ல நீ பிடி" என்றேன்.

பின்னால் நின்ற மைனி, "சீக்கிரம் பிடிளா, நாங்களும் நிக்கோம்ல" என்றாள். எதிர்ப் பலகைக்காரி இரண்டு குடமும் பிடித்தாள். ஒன்றைத் தலையில் வைத்து, ஒன்றை இடுப்பில் வைத்து, வழக்கம்போல ஓடினாள். அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை. அன்றைக்கு அவள் ஓடியிருக்க வேண்டியதே இல்லை.